மோதலுக்கு முன்னும் பின்னும்: விலங்குப் படங்களுக்கு உரை எழுதுவோருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய உரையாசிரியர்களுக்கு,

வணக்கம். காட்டையும் கடலடியையும் நேரில் பார்க்க வாய்க்காத கோடிக்கணக்கானவர்களுக்கு விலங்குகளைப் பற்றித் தெரிந்ததில் பெரும்பகுதி நீங்கள் சொல்லித் தெரிந்ததுதான். ஆய்வாளர் எழுதும் கட்டுரையைச் சில நூறு பேர் படிப்பார்கள். உங்கள் குரல் வீட்டுக்கு வீடு போய்ச் சேர்கிறது. அதனால்தான் இந்த மடலை வேறு யாருக்கும் எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன்.

எல்லை காக்கும் விலங்கு என்று வந்துவிட்டால் உங்கள் படங்களில் பெரும்பாலும் ஒரே கதைதான். இரண்டு ஆண் விலங்குகள் எதிரெதிரே வரும். பின்னணி இசை ஏறும். ஒன்று பாயும், மற்றொன்று ஓடும். "இது இவனுடைய மண், உயிரைக் கொடுத்தாவது காப்பான்" என்று குரல் சொல்லும். அந்தக் காட்சி பொய் என்று நான் சொல்லவில்லை. அப்படி நடக்கிறது, படம் பிடித்திருக்கிறீர்கள். ஆனால் அந்த அரை நிமிடத்துக்கு முன்னும் பின்னும் இருக்கும் மாதங்களை விட்டுவிட்டு, அதையே விலங்கின் இயல்பு என்று சொல்லும்போது பார்ப்பவர் மனத்தில் தவறான ஒன்று பதிகிறது. எல்லை காப்பது மாறாத வெறி என்று அவர் நம்பிவிடுகிறார். உண்மையில் அது கூடும், குறையும், காலையில் இருக்கும், மாலையில் இல்லாமல் போகும். ஒரே இனத்துக்குள் ஓரிடத்தில் இருக்கும், இன்னோர் இடத்தில் இருக்காது. இந்த மாற்றம்தான் இந்தப் பொருளின் உயிர். அதை நீங்கள் சொல்லவே மாட்டேன் என்கிறீர்கள்.

ஆங்கிலேயரான எலியட் ஹோவர்ட் 1920இல் பறவைகளின் எல்லையைப் பற்றி விரிவாக எழுதியபோதே, பாட்டுக்கும் இடத்துக்கும் உள்ள தொடர்பைக் கவனித்திருந்தார். அது வெறும் ஊகமல்ல என்பதை 1970களில் ஜான் கிரெப்ஸ் ஆக்ஸ்ஃபோர்டு அருகிலுள்ள வைதம் காட்டில் காட்டினார். அங்கே பட்டாணிக் குருவி இனத்தைச் சேர்ந்த பறவைகள் மரங்களைப் பங்கிட்டு வாழ்ந்தன. சில இணைகளை அவர் அப்புறப்படுத்தினார். சில நாட்களுக்குள் காட்டுக்கு வெளியே வேலிப்புதர்களில் இருந்த பறவைகள் வந்து காலியிடத்தை நிரப்பிக்கொண்டன. அடுத்த சோதனையில், பறவைகளை எடுத்த இடங்கள் சிலவற்றில் ஒலிபெருக்கி வைத்து அதே பறவையின் பாட்டை ஒலிக்கவிட்டார். சிலவற்றில் வெறும் ஊதல் ஓசை. சிலவற்றில் எதுவும் இல்லை. மௌனமாக இருந்த இடங்களும் ஊதல் ஒலித்த இடங்களும் விரைவில் நிரம்பின. பாட்டு ஒலித்த இடங்களுக்குப் புதியவை வரத் தயங்கின. உள்ளே பறவையே இல்லை, பாட்டு மட்டுமே காவல் காத்தது.

இதை எத்தனை படங்களில் சொல்லியிருக்கிறீர்கள்? எல்லையின் பெரும்பகுதி வேலை இப்படித்தான் நடக்கிறது. ஓநாய் சிறுநீரால் எழுதுகிறது. கழுதைப்புலி வாலடிச் சுரப்பியைப் புல்லில் தேய்த்துவிட்டுப் போகிறது. முசுறு எறும்புகள் தம் கழிவுத் துளிகளைத் தரையெங்கும் வைத்து, இது எந்தக் கூட்டின் இடம் என்று தெரியும்படி செய்கின்றன. பார்ப்பதற்குப் பரபரப்பு இல்லாத வேலைதான். ஆனால் அதுதான் சண்டையை நடக்கவிடாமல் வைத்திருக்கிறது.

இனி, ஒரு விலங்கு எப்போது எல்லை காக்கும், எப்போது விட்டுவிடும் என்ற கேள்விக்கு வருகிறேன். நீங்கள் முற்றிலும் விட்டுவிட்ட பகுதி இதுதான். அதனால் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். ஜெரம் பிரவுன் என்ற ஆய்வாளர் 1964இல் ஓர் எளிய விளக்கம் தந்தார். காப்பதால் வரும் ஆதாயம் காக்கும் செலவைவிடக் கூடுதலாக இருந்தால் மட்டுமே காப்பது கட்டுபடியாகும். இதை மெய்யாக அளந்து பார்த்தவர்கள் ஃபிராங்க் கில், லாரி உல்ஃப் ஆகிய இருவர். கென்யாவில் பொன்னிறச் சிறகுத் தேன்சிட்டுகளைக் கவனித்து 1975இல் எழுதினார்கள். சும்மா அமர்ந்திருக்கும் நேரத்தைவிட மற்றொரு பறவையை விரட்டும் நேரத்தில் அந்தத் தேன்சிட்டுக்கு ஏறக்குறைய ஏழு மடங்கு ஆற்றல் செலவாகிறது. இவ்வளவு செலவழித்து ஏன் விரட்ட வேண்டும்? வேறு யாரும் குடிக்காமல் காத்தால் பூக்களில் தேன் கூடுதலாகத் தேங்குகிறது. ஒரு பூவில் தேங்கும் தேன் இருமடங்கானால், எட்டு மணி நேரம் மேய வேண்டிய பறவை நான்கு மணி நேரத்தில் பசியாறிவிடும். மிச்சமாகும் நேரத்தில் உட்கார்ந்து ஆற்றலைச் சேமிக்கும். விரட்டும் செலவை அது ஈடுகட்டிவிடுகிறது. ஆனால் எங்கு பார்த்தாலும் தேன் நிறைந்திருக்கும்போது காப்பதால் கூடுதலாக ஒன்றும் கிடைக்காது. தேன் மிகக் குறைந்துபோனாலும் காத்துப் பயனில்லை. இரண்டு நிலையிலும் பறவை எல்லையை விட்டுவிடுகிறது. அதே பறவை, அதே பூச்செடி. மாறியது தேனின் அளவு மட்டுமே.

இதைவிட எனக்குப் பிடித்தது வாலாட்டிக் குருவியின் கதை. தேம்ஸ் ஆற்றங்கரையில் குளிர்காலத்தில் வெள்ளை வாலாட்டிகள் கரையின் ஒரு பகுதியைத் தமதாக்கிக்கொள்கின்றன. ஆற்று நீர் ஒதுக்கிவிடும் சிறு பூச்சிகள்தான் உணவு. பொறுக்கிய இடத்தில் மீண்டும் பூச்சி சேர நேரம் பிடிக்கும். எனவே உரிமைக்காரப் பறவை ஒரு கரையோரமாக மேலே நடந்து, மறுகரையோரமாகக் கீழே வந்து, தன் சுற்றை முடிக்க ஏறக்குறைய 40 நிமிடம் எடுத்துக்கொள்கிறது. தொடங்கிய இடத்துக்குத் திரும்பும்போது அங்கே மறுபடி உணவு சேர்ந்திருக்கும். இடையில் வந்து இறங்கும் அந்நியப் பறவைக்கு எந்த இடம் எப்போது பொறுக்கப்பட்டது என்று தெரியாது. பெரும்பாலும் சற்றுமுன் காலியான இடத்தில்தான் இறங்கும், ஏமாந்து போகும். இதுவரை சொன்னதே ஒரு படத்துக்குப் போதும். ஆனால் நிக் டேவிஸும் அலஸ்டர் ஹூஸ்டனும் இன்னொன்றைக் கண்டார்கள். சில நாட்களில் உரிமைக்காரப் பறவை இரண்டாவது பறவை ஒன்றை, பெரும்பாலும் இளம் பறவையை, உள்ளே விட்டு வைத்திருந்தது. அது பாதிச் சுற்று பின்தள்ளி அதே பாதையில் நடந்தது. உணவில் பாதி அதற்குப் போனது. பதிலுக்கு அதுவும் சேர்ந்து அந்நியரை விரட்டியது. உணவு ஏராளமாக வந்து ஒதுங்கும் நாட்களில், அந்நியர் அதிகம் வரும் நாட்களில், இந்த ஏற்பாடு நிலைத்தது. உணவு குறைந்த நாளில் அதே துணைப்பறவை துரத்தப்பட்டது. நேற்று பங்காளி, இன்று எதிரி, நாளை மறுபடியும் பங்காளி ஆகலாம்.

இந்தக் காட்சியை உங்கள் யாருடைய படத்திலும் நான் பார்த்ததில்லை. ஆற்றோரம் நடந்துபோகும் சிறு பறவை, அதன் பின்னால் இன்னொன்று. பார்ப்பவர் சேனலை மாற்றிவிடுவார் என்று அஞ்சுகிறீர்களா? அந்தப் பறவைகள் ஏன் சேர்ந்து நடக்கின்றன என்று நீங்கள் சொன்னால் மாற்றமாட்டார். அதற்காகத்தானே உரை?

ஜப்பானிய ஆறுகளில் அயு என்ற மீன் உண்டு. கற்களில் படரும் பாசியை மேயும். ஏறக்குறைய ஒரு சதுர மீட்டர் பரப்பைத் தனதாக்கி, உள்ளே நுழையும் மற்ற அயுவைப் பாய்ந்து மோதித் துரத்தும். மீனவர்கள் இந்தக் குணத்தையே பிடியாக்கினார்கள். உயிருள்ள ஓர் அயுவைத் தூண்டிற் கயிற்றில் கட்டி, அதனருகே முள்ளைத் தொங்கவிட்டு ஆற்றில் விடுவார்கள். உரிமைக்கார மீன் மோத வந்து முள்ளில் மாட்டிக்கொள்ளும். இவ்வளவு ஊறிப்போன குணம் என்று நாம் நினைப்போம். ஆனால் ஆற்றில் அயு பெருகி நெரிசலாகிவிட்டால் அதே மீன்கள் எல்லையைக் கைவிட்டுக் கூட்டமாக நீந்தி மேய்கின்றன. ஒருவரைத் துரத்துவதற்குள் பத்துப் பேர் மேய்ந்துவிட்டுப் போகும் இடத்தில் காவல் காத்து என்ன பயன்?

பெரிய விலங்குகள்தான் உங்களுக்கு வேண்டும் என்றால் புலியையே எடுத்துக்கொள்ளுங்கள். நேபாளத்தின் சித்வனில் ஒரு பெண் புலி ஏறக்குறைய 20 சதுர கிலோமீட்டருக்குள் வாழ்ந்துவிடுகிறது. ரஷ்யாவின் தூரக் கிழக்கில் சிகோட்டே அலின் மலைகளில் ஒரு பெண் புலிக்கு ஏறக்குறைய 400 சதுர கிலோமீட்டர் தேவைப்படுகிறது. இருபது மடங்கு வேறுபாடு. இரண்டும் ஒரே இனம். இரை எவ்வளவு அடர்த்தியாக இருக்கிறது என்பதைப் பொறுத்துப் பரப்பு விரிகிறது, சுருங்குகிறது. "ஒரு புலிக்கு இத்தனை சதுர கிலோமீட்டர் வேண்டும்" என்று ஒற்றை எண்ணை நீங்கள் சொல்லும்போது, அந்த எண் எந்தக் காட்டுக்கு உரியது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

கழுதைப்புலியும் அப்படித்தான். ஆண்டு முழுவதும் இரை தங்கியிருக்கும் கோரங்கோரோ எரிமலைக் கிண்ணத்தில் அவை கூட்டம் கூட்டமாக இடத்தைப் பிரித்துக்கொண்டு எல்லையில் கடுமையாக மோதுகின்றன. பக்கத்திலேயே இருக்கும் செரங்கெட்டியில் இரை இடம்பெயர்ந்துகொண்டே இருக்கிறது. அங்கே குட்டிகளை வளையில் விட்டுவிட்டு நெடுந்தொலைவு போய் வேட்டையாடித் திரும்பும் கழுதைப்புலிகள் வழியில் பிற கூட்டங்களின் நிலத்தைக் கடந்து போகின்றன. கடந்து போவோரை அந்த நிலத்துக்காரர்கள் பெரும்பாலும் பொறுத்துக்கொள்கிறார்கள். யானைக்கு நெடிய நடமாட்டப் பரப்பு உண்டு, ஆனால் அதிலிருந்து பிற யானைகளை அது துரத்துவதில்லை. பழுப்புக் கரடிகளும் பெரும்பாலும் அப்படியே. நடமாடும் பரப்பு வேறு, காக்கும் பரப்பு வேறு என்று வில்லியம் பர்ட் 1943லேயே பிரித்துக் காட்டிவிட்டார். இன்றும் உங்கள் உரைகளில் இரண்டும் ஒன்றாகவே கலந்து கிடக்கின்றன.

ஒரே இடத்தில், ஒரே இனத்தில், ஒரே பாலினத்தில்கூட எல்லாரும் ஒன்றுபோல் இல்லை. அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் வாழும் பக்கப்பொட்டு ஓணான்களில் ஆண்கள் மூன்று வகை. ஆரஞ்சுத் தொண்டை உள்ளவை பெரிய இடத்தைப் பிடித்துப் பல பெண்களை உள்ளடக்குகின்றன. நீலத் தொண்டை உள்ளவை சிறிய இடத்தில் தம் துணையை அருகிருந்து காக்கின்றன. மஞ்சள் தொண்டை உள்ளவற்றுக்கு இடமே கிடையாது. பெண்ணைப் போன்ற தோற்றத்தில் மற்றவர் எல்லைக்குள் நழுவி இணைசேர்கின்றன. ஆரஞ்சு நீலத்தை வெல்லும், மஞ்சள் ஆரஞ்சை ஏமாற்றும், நீலத்திடம் மஞ்சளின் தந்திரம் பலிக்காது. எந்த வகையும் நிரந்தரமாக ஓங்கவிடாமல் இந்த மூன்றும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாறி மாறிப் பெருகுவதை பாரி சினெர்வோவும் கர்டிஸ் லைவ்லியும் 1996இல் எழுதினார்கள். வலிமையானவனே வெல்வான் என்று உங்கள் குரல் சொல்லும்போதெல்லாம் இந்த மஞ்சள் தொண்டை ஓணான் எனக்கு நினைவுக்கு வரும்.

அண்டையாரைப் பற்றியும் ஒரு வார்த்தை. எல்லைக்கு அப்பால் இருப்பவர் எதிரி என்றே சொல்லிப் பழகிவிட்டீர்கள். வெண்தொண்டைச் சிட்டுகளிடம் 1975இல் வெளியான ஒலிபெருக்கிச் சோதனையில், வழக்கமான பக்கத்திலிருந்து அண்டைவீட்டுப் பறவையின் பாட்டு கேட்டால் அவை அவ்வளவாகப் பொருட்படுத்தவில்லை. அறியாத பறவையின் பாட்டு கேட்டால் கொதித்தெழுந்தன. அண்டைப் பறவையின் பாட்டே தவறான பக்கத்திலிருந்து கேட்டால் அப்போதும் கொதித்தெழுந்தன. யார் யார் எங்கே இருக்க வேண்டும் என்று அவற்றுக்குத் தெரிந்திருக்கிறது. வரிக்கீரிகளிடம் இது தலைகீழ். அந்நியரைவிட அண்டைக் கூட்டத்திடம்தான் அவற்றுக்குக் கூடுதல் பகை. தனியாக அலையும் அந்நியன் ஏதோ வழிப்போக்கன். அண்டைக் கூட்டமோ இடத்தையே பறித்துவிடக்கூடும்.

கனடாவின் யூகான் பகுதியில் சிவப்பு அணில்கள் ஊசியிலை மரக் காய்களைக் குவித்து வைத்துக் குளிர்காலத்தைக் கடக்கின்றன. குவியல் இல்லாத இளம் அணிலுக்குப் பிழைப்பது அரிது. தாய் அணில்கள் சில நேரம் தம் இடத்தையும் குவியலையும் பிள்ளைக்கு விட்டுக்கொடுத்துவிட்டு வேறிடம் தேடிப் போகின்றன. தன் மண்ணை உயிரைக் கொடுத்தாவது காக்கும் விலங்கு என்று நீங்கள் சொல்லும் அதே வகை விலங்குதான் இது. இந்த அணில்களை நெடுங்காலம் பின்தொடர்ந்த ஆய்வு 2021இல் இன்னொன்றையும் காட்டியது. நீண்டநாள் பழகிய அண்டை அணில்கள் சுற்றியிருந்தால் ஓர் அணில் அடுத்த ஆண்டுவரை பிழைத்திருக்கும் வாய்ப்பு கூடுகிறது. இரத்த உறவு அருகில் இருப்பதால் அந்த நன்மை கிடைக்கவில்லை, பழக்கத்தால் கிடைத்தது. தனித்து வாழும், குரலெழுப்பி எல்லாரையும் தள்ளிவைக்கும் அணிலுக்கு அண்டை அணில் இவ்வளவு வேண்டியிருக்கிறது!

கொலையை மறைக்கச் சொல்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். யெல்லோஸ்டோன் பூங்காவுக்குள் ஓநாய்களின் இயற்கைச் சாவுக்கு முதன்மைக் காரணம் மற்ற ஓநாய்களே. உகாண்டாவின் இங்கோகோவில் ஒரு சிம்பன்சிக் கூட்டம் பத்தாண்டுகளில் அண்டைக் கூட்டத்தாரைப் பலமுறை கொன்று, 2009இல் அவர்களின் நிலத்துக்குள் பரவி, தன் பரப்பை ஏறக்குறைய 22 விழுக்காடு பெருக்கிக்கொண்டது. இதைக் காட்டுங்கள், முழுமையாகக் காட்டுங்கள். ஆனால் சிம்பன்சி நமக்கு எவ்வளவு நெருங்கிய உறவோ அவ்வளவே நெருங்கிய உறவான போனபோ என்ற வாலில்லாக் குரங்குகள், காங்கோ ஆற்றின் தென்கரைக் காடுகளில் வேறு கூட்டங்களைச் சந்திக்கும்போது சில நேரம் ஒன்றாக அமர்ந்து பேன் பார்த்து, உணவைப் பகிர்ந்துகொள்கின்றன என்பதையும் அதே மூச்சில் சொல்லுங்கள். 1960களில் மனிதரின் நாட்டெல்லைகளும் போர்களும் விலங்குப் பாட்டனிடமிருந்து வந்த சொத்து என்று வாதிட்ட நூல்கள் பெரும்புகழ் பெற்றன. சிம்பன்சியை மட்டும் காட்டி நிறுத்தும் ஒவ்வோர் உரையும் அந்தப் பழைய வாதத்துக்குத் தெரியாமலேயே துணைபோகிறது.

இதெல்லாம் சொல்நயம் பற்றிய குறையாக உங்களுக்குத் தோன்றினால், விளைவைப் பாருங்கள். இங்கிலாந்தில் மாட்டுக் காசநோயைக் கட்டுப்படுத்த, அந்த நோயைச் சுமக்கும் வளைக்கரடிகளை (badger) கொன்று பார்த்த பெரும் சோதனை 1998இல் தொடங்கியது. கொன்ற பகுதிக்குள் மாடுகளிடம் நோய் குறைந்தது. அதைச் சுற்றியிருந்த நிலங்களிலோ நோய் கூடியது. எஞ்சிய வளைக்கரடிகளின் கூட்ட அமைப்பும் எல்லைகளும் குலைந்து, அவை முன்னைவிட நெடுந்தொலைவு திரிந்து, புதிய விலங்குகளோடு கலந்தன. எல்லை என்பது வெறும் சண்டைக்களம் என்று நினைத்தவருக்கு இது புரியாது. விலங்குகளை அவரவர் இடத்தில் நிறுத்தி வைத்திருந்த ஏற்பாடு அது. மகாராட்டிரத்தின் ஜுன்னர் பகுதியில் சிறுத்தைகளைப் பிடித்துத் தொலைவான காடுகளில் விட்டபோது மனிதர்கள் மீதான தாக்குதல்கள் குறையவில்லை, கூடின. அறியாத இடத்தில் இறக்கிவிடப்பட்ட சிறுத்தைக்கு அங்கே இடம் இல்லை, அது விட்டுவந்த இடமும் நெடுநாள் காலியாக இருப்பதில்லை. "பிடித்துக் காட்டில் கொண்டுபோய் விடுங்கள்" என்று கேட்கும் மக்கள் கொடியவர்கள் அல்லர். காடு என்பது காலியான இடம், விலங்கு எங்கே விட்டாலும் போரிட்டுத் தன் அரசை அமைத்துக்கொள்ளும் என்று திரையில் பார்த்தவர்கள்.

நான் கேட்பது பெரிதல்ல. மோதல் காட்சி வரும்போது, இந்த விலங்கு ஏன் இன்று, இங்கே, இதற்காக மோதுகிறது என்று ஒரு வாக்கியம் சேருங்கள். எந்த நாட்டில், எந்தப் பருவத்தில் எடுத்த காட்சி என்று சொல்லுங்கள். முடிந்தால் அதே இனம் மோதாமல் இருக்கும் இடத்தையும் காட்டுங்கள். பெண் விலங்குகளை மறக்காதீர்கள். செரங்கெட்டியில் கேரன் மெக்கோம்பும் உடனிருந்தோரும் அந்நியச் சிங்கங்களின் கர்ச்சனையை ஒலிக்கச் செய்தபோது, கர்ச்சித்தவை ஒன்றா மூன்றா என்று கேட்டுத் தம் எண்ணிக்கையோடு ஒப்பிட்டு, முன்னேறுவதா நிற்பதா என்று முடிவெடுத்தவை பெண் சிங்கங்கள்தான்.

கடைசியாக, பவளப்பாறைகளைப் பற்றி அடுத்து எழுதப்போகிறவருக்கு. 2016இல் பவளங்கள் பெருமளவில் வெளுத்துச் செத்தபோது, அவற்றை மேயும் வண்ணத்துப்பூச்சி மீன்களிடையே மோதல்கள் மூன்றில் இரண்டு பங்கு குறைந்தன. உணவு போய்விட்டது. சண்டைக்குச் செலவிட வலுவும் இல்லை, சண்டையிட்டுக் காக்க ஒன்றும் இல்லை. அந்த மீன்கள் உங்கள் ஒளிப்படக் கருவிக்கு முன்னால் ஒன்றையொன்று சீண்டாமல் பக்கம் பக்கமாக நீந்தக்கூடும். அதற்கு அமைதி என்று உரை எழுதிவிடாதீர்கள். அவை பட்டினி கிடக்கின்றன என்று எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் படங்களை விடாமல் பார்க்கும் ஒருவர்